கடன் வாங்கிக் கணினிப் பொறியியல் இடம் வேண்டாம், மகளை இயற்பியல் படிக்க விடுங்கள்

மகளைக் கல்லூரியில் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள் என்பதற்காகக் கடன் வாங்கி மகளைக் கணினிப் பொறியியலில் சேர்ப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நிரல் எழுத உட்கார்ந்தால் எரிச்சல்படுகிறாள், ஆய்வகத்தில் விட்டால் நேரம் போவதே தெரியாமல் நிற்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மருத்துவம், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள், விடுங்கள். அவள் குணத்துக்குப் பொருந்துகிற ஒரு துறை இருக்கிறது: வாயு சென்சார்களுக்காக, அதாவது காற்றில் வாயு கலந்திருப்பதை உணரும் கருவிகளுக்காக, உலோக ஆக்சைடு படலங்களை (மெல்லிய பூச்சுகளை) வளர்ப்பது.

எரிவாயு கசிந்தால் அலறும் கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது டின் ஆக்சைடு, அதாவது வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். அதை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி வைப்பார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை ஏறும். கசிந்த வாயு அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். அந்த இறக்கம்தான் அலாரத்தை அடிக்க வைக்கிறது. டின் ஆக்சைடு துகள்கள் சுமார் 6 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறுத்தால் உணர்திறன் கிடுகிடுவென ஏறும். ஆகவே படலத்தை எப்படி வளர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெற்றிட அறையில் ஸ்பட்டரிங் செய்யலாம் (அயனிகளை மோதவிட்டு அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியச் செய்யும் முறை), சூடான தகட்டில் கரைசலைத் தெளிக்கலாம். விதைப் படலம் (கம்பிகள் முளைக்கத் தொடக்கமாக இருக்கும் மெல்லிய பூச்சு) பூசிய கண்ணாடியைத் துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமின் என்ற வேதிப்பொருளும் கலந்த கரைசலில் 90 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால், இன்னொரு உலோக ஆக்சைடான துத்தநாக ஆக்சைடின் மிக நுண்ணிய நானோ கம்பிகள் வரிசையாக முளைத்து நிற்கும். அழகான வேலை!

முடிந்துபோன துறையும் அல்ல. ஈரப்பதம் சென்சாரை ஏமாற்றுகிறது, ஒரு வாயுவை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம், நாளாக ஆக அளவீடு நகர்ந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் ஆள் தேவை. இங்கே பழகும் வெற்றிடக் கருவிகளும் எக்ஸ்-கதிர், எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சோதனைகளும் சிப் தயாரிப்பு, சூரிய மின்கலம் என்று வேறு இடங்களிலும் கைகொடுக்கும்.

இயற்பியல் அல்லது வேதியியல் இளநிலை, அப்புறம் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) முதுநிலை. ஆய்வில் நிலைக்க முனைவர் பட்டமும் வேண்டும். சம்பளம் தாமதமாகத்தான் வரும். உதவித்தொகை இல்லாத முனைவர் படிப்பில் மட்டும் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள்.

முதுநிலைக்கு ஒரு கல்லூரியில் விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். படலம் வளர்க்கும் கருவியும் வாயுச் சோதனை அறையும் அந்தத் துறையிலேயே இருக்கின்றனவா, அவற்றை மாணவர்கள் கையாள விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.