மஞ்சளா போற செடிக்கு உரம் வாங்குறதா, மீட்டர் வாங்குறதா?

கேள்வி: மொட்டை மாடில பைப் வச்சு ஹைட்ரோபோனிக்ஸ்ல (மண்ணில்லாம சத்து கரைச்ச தண்ணில) பாலக்கும் லெட்யூஸும் போட்ருக்கேன், பக்கத்துல தொட்டில ரோஜா, கறிவேப்பிலை. எல்லாத்துக்கும் போர் தண்ணிதான். ரெண்டு பக்கமும் தளிர் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. கடைக்காரர் குடுத்த மைக்ரோ நியூட்ரியன்ட் ரெண்டு பாக்கெட் போட்டும் மாறல. ஆன்லைன்ல வாங்குன த்ரீ-இன்-ஒன் மண் மீட்டர் எங்க குத்தினாலும் பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, 7னே காட்டுது. அடுத்து என்ன வாங்கலாம்?

பதில்: மூணாவது பாக்கெட் வாங்கிடாதீங்க. தளிர்ல மட்டும் இப்படி மஞ்சள் வந்தா பெரும்பாலும் இரும்புச்சத்து பிரச்சனை, ஆனா இரும்பு இல்லாம இல்ல, நீங்கதான் ரெண்டு பாக்கெட் கொட்டிருக்கீங்களே, பிஎச் 7க்கு மேல போனா அது கரையாம துருவா படிஞ்சிடும், வேர் பக்கத்துலயே இருந்தாலும் செடியால எடுக்க முடியாது. பைப்ல 5.5லேந்து 6.5க்குள்ள, மண்ணுல 6லேந்து 7க்குள்ள இருந்தா பெரும்பாலான செடிக்கு போதும்.

அந்த குத்துற மீட்டர் பேட்டரி இல்லாததா? அப்ப அதை தூக்கி போடுங்க. ரெண்டு விதமான உலோகம் ஈர மண்ணுல பட்டா வர்ற சின்ன கரண்டுல முள்ளு ஆடுது, அவ்ளோதான், ஈரமும் உப்பும் மாறினா அதுவும் மாறும்.

வாங்க வேண்டியது பேனா மாதிரி இருக்குற டிஜிட்டல் பிஎச் மீட்டர். கூடவே 4.00, 6.86 பஃபர் பவுடர் (பிஎச் முன்னாடியே தெரிஞ்ச கரைசல் பண்ணி மீட்டரை சரிபார்க்க) கட்டாயம் வாங்குங்க, அது இல்லாம மீட்டர் வாங்குறது படிக்கல் இல்லாம தராசு வாங்குற மாதிரி. நுனில இருக்குற கண்ணாடி குமிழ் காயவே கூடாது, மூடில கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) கரைசல் ரெண்டு சொட்டு விட்டு வைக்கணும், ஆர்ஓ தண்ணில ஊற வைக்காதீங்க. நான் மொத மீட்டரை நல்லா கழுவி தொடச்சு வெயில்ல காய வச்சு சாகடிச்சேன், அவ்ளோ சுத்தம்!

டேங்க்ல பிஎச் டவுன், அதாவது பாஸ்பாரிக் ஆசிட், சொட்டு சொட்டா விட்டு கலக்கி அளங்க, கையுறை போட்டுக்கோங்க. மறுநாளே திரும்ப ஏறிச்சுன்னா போர் தண்ணில பிஎச்சை திரும்ப ஏத்துற பைகார்பனேட் உப்பு ஜாஸ்தினு அர்த்தம், பாதிக்கு பாதி மழைத்தண்ணி இல்ல ஆர்ஓ தண்ணி கலங்க. எலுமிச்சை, வினிகர்லாம் வேணாம், கிருமி அதை தின்னு தீர்த்ததும் பிஎச் பழைய இடத்துக்கே வந்துரும்.

கேள்வி: சரி, தொட்டி மண்ணுக்கு? அதுல ஆசிட் ஊத்தலாமா?

பதில்: ஊத்தாதீங்க. ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரை பங்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டு கலக்கி, அரை மணி நேரம் விட்டு அதே பேனாவால அளங்க. 8 கிட்ட வந்தா கந்தகத்தூள் கொஞ்சமா கலக்கலாம், ஆனா மண்ணுல இருக்குற பாக்டீரியா அதை மாத்தி பிஎச் இறங்க மாசக்கணக்குல ஆகும். அதுவரை அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலமா இலைல அடிங்க, அப்பப்ப புதுசா கரைங்க, பழுப்பா ஆயிட்டா வேஸ்ட்.

கீலேட் இரும்பு, அதாவது துருவா படியாம இன்னொரு பொருள் பிடிச்சு வச்சிருக்குற இரும்பு, வாங்குறதா இருந்தா பாக்கெட் பின்னாடி பாருங்க, இடிடிஏனு (EDTA) இருந்தா பிஎச் 6.5 தாண்டினாலே அது பிடிச்ச இரும்பை கைவிட ஆரம்பிச்சிரும், டிடிபிஏ (DTPA) 7.5 வரை தாங்கும், 8 கிட்ட இருக்குற மண்ணுக்கு இடிடிஎச்ஏ (EDDHA) தான் நிக்கும். வெலை ஜாஸ்திதான், அதனால மண்ணை அளந்துட்டு அப்புறம் கடைக்கு போங்க.