மில் சங்கு ஊதிய பிறகு

கேள்வி: ஒரு மியூசியத்தில் மாலை நேரத்தில் 'தொழிலில் புதுமை' என்று கலந்துரையாடல், கூடவே இசை நிகழ்ச்சி என்று நண்பர் கூப்பிடுகிறார். கருத்தரங்குக்குப் பக்கத்தில் கச்சேரி ஒட்டுமா? போகலாமா, வேண்டாமா? (வாசகர், பீளமேடு)

பதில்: கண்டிப்பாகப் போங்க. ஆனால் எனக்கு உங்கள் கேள்வியில் பெரிதாகத் தெரிவது கச்சேரி இல்லை, மாலை.

நம்மூர் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தில் திறந்து ஆபீஸ் நேரத்திலேயே பூட்டப்படுகின்றன. 1902-இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்தைக் கோவையில் எத்தனை பேர் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு பார்த்திருப்பார்கள்? கணபதியில் லேத் ஓட்டுபவர், திருப்பூரில் ஓவர்லாக் மிதிப்பவர், மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், இவர்கள் வெளியே வரும்போது கதவு பூட்டியிருக்கும். இந்த ஊரின் தொழில் வரலாறு இவர்கள் கையில் உருவானது. அதைப் பார்க்க இவர்கள் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் இதையே எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் சில புதன்கிழமை ராத்திரிகளில் பெரியவர்களுக்கு மட்டும் என்று கதவைத் திறந்து, பேச்சும் பாட்டும் வைத்துக் கூட்டம் சேர்க்கிறது. அவிநாசி சாலையில் அது நடக்கக்கூடாதா?

சரி, பேச்சும் பாட்டும். கொங்கு நாட்டுக்காரர் இந்தச் சந்தேகம் படலாமா! அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துச் சொல்பவர் என்ன செய்கிறார்? கொஞ்சம் பாடுவார், நிறுத்தி வசனமாகப் பேசுவார், பின்பாட்டுக்காரர் குறுக்கே கேள்வி கேட்பார், மறுபடி உடுக்கை. அண்ணன்மார் பொன்னரும் சங்கரும், தங்கை தங்காளும் இப்படித்தான் ராத்திரி ராத்திரியாக நம் ஊர்களில் வாழ்ந்தார்கள். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960-களில் இங்கே வந்து தங்கி அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். நாம் செய்யாத வேலை அது. வள்ளி கும்மியிலும் பாட்டுதான் கதையை நகர்த்துகிறது. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்திரப்பன் அய்யாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதனால் இசை ஒட்டும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியை அலறவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காமல் செய்தால் ஒட்டாது. பம்பை மேளத்துக்கு மைக்கே தேவையில்லை.

இன்னொன்று. மேடையில் யாராவது கோவையை, இங்கிலாந்தின் பஞ்சாலை நகரத்தை வைத்து, 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பஞ்சாலைகளோடு கதை முடிந்துவிடுகிறதா? 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, மில் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து மோட்டாரும் பம்ப்செட்டும் வந்தன. ஜி.டி. நாயுடு 1937-இல் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார். சபாபதி 1955-இல் கிரைண்டர் செய்தார். இட்லி மாவுக்காக ஆட்டுக்கல்லில் கை ஒடிந்த பெண்களுக்கு அந்த ஒரு இயந்திரம் கொடுத்த நேரத்தை யார் கணக்கிட்டது? மான்செஸ்டர் நமக்குக் கிரைண்டர் தரவில்லை.

புதுமை என்றால் கலந்துரையாடலில் இது வர வேண்டும். பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் போகும் கூட்டங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பேசுகிறவர்கள் எல்லோரும் முதலாளிகளாகவும் பேராசிரியர்களாகவும் இருப்பார்கள். வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்யும் ஒரு பேட்டர்ன் மேக்கரை, வார்ப்படத் தொழிலாளியை, மோட்டார் காயில் கட்டும் அக்காவை நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நீங்க இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அப்புறம் பாட்டு கேட்கலாம்.

போய், மேடையில் அப்படி ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்க. இல்லையென்றால் கேள்வி நேரத்தில் எழுந்து ஏனென்று கேளுங்க. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்க, அடுத்த இதழில் போடுகிறேன்.