நீங்க கேட்டீங்க: நேசமணிக்கு என்னதான் ஆச்சு?

கேள்வி: ஆபீஸ்ல யாராவது சுத்தியல்னு சொன்னாலே "நேசமணி"னு சிரிக்கிறாங்க. 2019ல நான் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன், ஃபோனையே தொடல. அது எங்க ஆரம்பிச்சுது? (வாசகி, தேனி)

அய்யோ, நல்ல கட்டத்த மிஸ் பண்ணிட்டீங்கம்மா! 2019 மே கடைசில பாகிஸ்தான்ல இருந்து நடத்துற ஒரு சிவில் இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பேஜ்ல சுத்தியல் படம் போட்டு, உங்க நாட்டுல இதுக்கு என்ன பேருன்னு கேட்டிருந்தாங்க. வெளிநாட்டுல வேலை பாக்குற நம்ம ஆளு ஒருத்தர் போயி, இதுக்குப் பேரு சுத்தியல், எதுலயாவது அடிச்சா டங் டங்னு சத்தம் வரும், ஜமீன் பங்களாவுல பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி மண்டைய உடைச்சதே இதுதான், பாவம்னு எழுதிட்டாரு. ஃப்ரெண்ட்ஸ் (2001) படத்துல வடிவேலு கேரக்டர் அது, ரமேஷ் கண்ணா கை நழுவி சுத்தியல் நேரா தலையில விழுமே, அந்த சீன்.

அதுக்குக் கீழ ஒருத்தர் வந்து இப்ப அவரு நல்லா இருக்காரான்னு கேக்க, அங்கதான் தீ புடிச்சுது. வந்த தமிழர் நிறைய பேரு இது சினிமாப்பான்னு போட்டு உடைக்கல பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சது. பிரே ஃபார் நேசமணின்னு ஹேஷ்டேக், ஆஸ்பத்திரி அறிக்கை மாதிரி மீம், வடக்க இருக்கவங்க எல்லாம் யாருப்பா இந்த நேசமணின்னு தேட ஆரம்பிச்சுட்டாங்க. மே 30 மோடி ரெண்டாவது தடவையா பிரதமர் பதவி ஏத்துக்குறாரு, அந்த நேரத்துலயும் ட்விட்டர்ல நேசமணி ட்ரெண்டிங்.

இன்னொன்னும் சொல்லணும். 2017 தீபாவளிக்கு வந்த மெர்சலுக்கு அப்புறம் அப்போ வடிவேலு படம் எதுவுமே வரல. புதுப் படமே இல்லாத மனுஷன அன்னாடம் நம்ம கண்ணு முன்னாடி வச்சிருந்தது மீம் போடுற பசங்கதான், சம்பளம் இல்லாம, ராத்திரி உக்காந்து டெம்ப்ளேட் வெட்டி ஒட்டுன பசங்க. பதினெட்டு வருஷத்துக்கு முந்துன சீனு எல்லாருக்கும் டக்குனு ஞாபகம் வந்துச்சுன்னா அதுல அவங்க உழைப்பும் இருக்கு.

கேள்வி: எங்க காலேஜ் வாட்ச்மேன் தாத்தா வாயத் தொறந்து தூங்குறத ஃப்ரெண்டு வீடியோ எடுத்து பிஜிஎம் போட்டு ரீல்ஸ்ல விட்டான், செம வைரல். இதுவும் நேசமணி மாதிரி காமெடிதானே? (வாசகர், கரூர்)

இல்லப்பா, கண்டிப்பா இல்ல. நேசமணி ஒரு கேரக்டர், அந்த அடி நடிப்பு, சிரிக்க வைக்கன்னே எடுத்தது. தாத்தா நடிக்கல, நைட் டூட்டி பாத்த அசதில கண் அசந்திருக்காரு, அந்த வீடியோ அவர் மேனேஜர் கண்ணுல பட்டா வேலைக்கே ஆபத்து, பேரப்புள்ளைங்க பாத்தா அவருக்கு எப்படி இருக்கும்? உன் ஃப்ரெண்டு கிட்ட இன்னைக்கே டெலிட் பண்ணச் சொல்லு, வேற பேஜ்ல எடுத்துப் போட்டவங்களுக்கும் மெசேஜ் பண்ணு, கேக்கலன்னா ரிப்போர்ட் அடி. ஃபார்வர்ட் ஆன காப்பி எல்லாத்தையும் புடிக்க முடியாது, அதனால லேட் பண்ணாத. அப்புறம் ரெண்டு பேரும் தாத்தா கிட்டப் போயி நடந்தத மறைக்காம சொல்லி மன்னிப்புக் கேளுங்க.