பழைய கிட்டார் பெடல்கள்: கேள்வி பதில்

கே: அண்ணா, கிட்டார் ஒலியை ‘வா வா’ என்று வளைக்கும் பழைய வா பெடல் ஒன்றை மாமா கொடுத்தார். அதை மிதித்தால் கரகரவென்று சத்தம் வருகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள் தம்பி. கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாட் (pot), அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்தான். நாம் மிதிக்கும்போது ஒரு பல்சட்டம் இறங்கி அதன் பல்சக்கரத்தைத் திருப்பும். வருஷக்கணக்கான தூசி பாட்டுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் படிந்திருக்கும். அடிமூடியைக் கழற்றி, பாட்டின் கால்கள் இருக்கும் இடுக்கில் காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, முப்பது நாற்பது தடவை மிதியுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுக்கு தங்கித் தூசியை மறுபடி இழுக்கும். அப்படியும் சத்தம் போகவில்லையா? தடம் தேய்ந்துவிட்டது, பாட்டை மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான வா பெடல்களில் அது 100 கிலோ ஓம். பழையதில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கழற்றும் முன் எந்தப் பல் எங்கே கடித்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் கழற்றிவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்கப் பல் பல்லாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கே: பெடலுக்குள் பேட்டரி ஒழுகி, வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

ப: ஆல்கலைன் பேட்டரியா? அந்தக் கசிவு காரம். வினிகரில் தோய்த்த பஞ்சால் ஒற்றி, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி கிளிப் ஒயரின் உள்கம்பி கறுத்திருந்தால் கிளிப்பையே மாற்றிவிடுங்கள், சில ரூபாய்தான்.

கே: சார், 80களில் வந்த பாஸ் (Boss) கம்பெனி பெடல் ஒன்று வாங்கினேன். 9 வோல்ட் அடாப்டரில் எல்இடி மங்கலாக எரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: லேபிளில் ஏசிஏ (ACA) அடாப்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்து ஏசிஏ 12 வோல்ட் வகை. அதற்குத் தோதாக, அடாப்டர் வழியாக வரும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைக்கும்படி உள்ளே பாகங்கள் வைத்திருப்பார்கள். 9 வோல்ட் கொடுத்தால் அதிலும் குறைந்துபோகிறது. ஒரு புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விற்றவரைத் திட்ட வேண்டாம்.

கே: கிட்டார் ஒலியைக் கரடுமுரடாக்கும் ஜெர்மானியம் ஃபஸ் பெடல் காலையில் நன்றாக ஒலிக்கிறது, மத்தியானம் சொதப்புகிறது.

ப: அது பழுதே இல்லை. சூடு ஏற ஏற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் கூடும். 1966ல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல் காலத்திலிருந்தே இந்தப் பாடு உண்டு. வெயில் படாமல், ஆம்ப்ளிஃபயரின் சூடும் படாமல் வையுங்கள். அப்புறம் ஒன்று: அந்தப் பழைய சர்க்யூட்டுகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட், மற்ற பெடல்களில் பெரும்பாலும் நெகட்டிவ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்காதீர்கள், பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.