வெல்டிங் செட்: வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா?

பினாங்கில் தரைவீடு, கேட் கீலை ஒட்டவேண்டும், ஜன்னல் கிரில்லும் பூச்சட்டி ஸ்டாண்டும் செய்யவேண்டும் என்கிறீர்கள். இதற்குச் சிறிய இன்வெர்ட்டர் ஆர்க் செட் (ராடு வைத்து ஒட்டும் கையடக்க வெல்டிங் பெட்டி) ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒருநாள் வாடகையில் கை பழகாது. முதலில் துண்டு இரும்பில் நிறையப் போட்டுப் பார்க்கவேண்டும்.

பெட்டியில் 200 ஆம்ப் என்றிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டின் 13 ஆம்ப் பிளக்தான் உண்மையான எல்லை. 1.6 மி.மீ. கனமுள்ள ஹாலோ (உள்ளே கூடான) இரும்புக்கு 2.6 மி.மீ. 6013 ரக வெல்டிங் ராடு, 60–70 ஆம்ப் போதும். இது ராடில் ஓடும் ஆம்ப், பிளக்கில் இழுப்பது இதைவிட மிகக் குறைவு. கூட்டினால் இரும்பு ஓட்டையாகும். 3.2 மி.மீ. ராடு 100 ஆம்புக்கு மேல் கேட்கும். பிளக் சூடேறி ஃபியூஸ் போய்விடும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும், சுருளை முழுதாகப் பிரித்துப் போடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் ராடு சீக்கிரம் நமுத்துவிடும். ஆர்க் தடுமாறும், ஒட்டில் பொத்தல் விழும். இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) இரும்பானால் ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

கனமான பிளேட்டோ கேஸ் மிக் (ராடுக்குப் பதில் கம்பிச்சுருளும் கேஸும் கொண்டு ஒட்டும்) வேலையோ ஒரே தடவை வந்தால் வாடகைதான் சரி. டெபாசிட் கட்டுமுன் எர்த் கிளாம்ப் (இரும்பைக் கவ்வும் பிடி), கேபிள், பிளக் மூன்றையும் பாருங்கள். மூன்று ஃபேஸ் செட் ஒற்றை ஃபேஸ் வீட்டில் ஓடாது.