வெற்றுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

கேள்வி: எனக்கு 25 வயது. 2007-ல் லாரி மோதி அப்பா, அம்மா இருவரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அப்போது எனக்கு 7, தங்கைக்கு 4. பெரியப்பா வீட்டில் மாட்டுக் கொட்டகையில்தான் எனக்குப் படுக்கை. எதற்கெடுத்தாலும் அடி. அடுத்த வருடமே எங்களை ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டார். 16 வயதில் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன், இப்போது டெய்லர். கடன் வாங்கித் தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் தாத்தா 1978-ல் கிரயம் வாங்கிய 3 ஏக்கர் 20 சென்ட் நிலம் இருக்கிறது. தாத்தா 2011-லும் பாட்டி 2016-லும் இறந்தார்கள். உயில் இல்லை. பெரியப்பாதான் உழுகிறார், பட்டாவும் அவர் பெயரில். ஓர் அத்தையும் இருக்கிறார். இப்போது தேசிய நெடுஞ்சாலையை நாலு வழியாக்க அதில் 1 ஏக்கர் 20 சென்ட் எடுத்து 60 லட்சம் இழப்பீடு முடிவாகியிருக்கிறதாம். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத பெரியப்பா பழத்தட்டோடு வந்து, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் 3 லட்சம் தருகிறேன் என்கிறார். இரண்டு வருடம் முன்பு 'வங்கிக் கடனுக்கு' என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்தார். பாதிப் பணம் எனக்கு வருமா? என்னை அடித்ததற்கு அவர் மேல் கேஸ் போட முடியுமா?

பதில்: உங்கள் ஆறு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்தரைப் பக்கம் கொட்டகையும் அடியும் பட்டினியும். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அடித்ததற்கு இத்தனை வருடம் கழித்து வழக்கு நிற்காது. சொத்து வழக்கில் அந்தக் கதை ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள், தம்பி. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'வங்கிக் கடனுக்கு' என்று போட்ட கையெழுத்து, உங்கள் வழக்கே அந்த வரிதான்.

முதலில் பங்கை முடித்துவிடுகிறேன். பாதி கிடையாது. நிலம் தாத்தாவின் சொந்தக் கிரயம், உயிலும் இல்லை. பாட்டியின் பங்கும் பிள்ளைகள் வழியே இறங்கிவிட்டதால் பெரியப்பா, அத்தை, உங்கள் அப்பாவின் வழி என்று மூன்று சமபங்கு. தாத்தாவுக்கு முன்பே அப்பா இறந்துவிட்டாலும் அவர் பங்கு பிள்ளைகளுக்கு வரும். அந்த மூன்றில் ஒன்று, அதாவது 20 லட்சம், உங்களுக்கு மட்டும் உரியதல்ல. தங்கைக்குச் சரிபாதி. உங்களுக்கு 10, அவருக்கு 10. கல்யாணம் செய்து கொடுத்ததைக் காட்டி அவர் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

பட்டா அவர் பெயரில் இருப்பதை நினைத்து நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையை நிரூபித்துவிடாது. பங்காளிகளில் ஒருவர் உழுதால் எல்லோருக்காகவும் உழுவதாகத்தான் சட்டம் பார்க்கும். உனக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து 12 வருடம் அனுபவித்திருந்தால்தான் கதை வேறு. அப்படி அவர் மறுக்கவில்லை, விடுதலை கேட்டு வந்திருக்கிறார். இல்லாத பங்குக்கு யாரும் விடுதலைப் பத்திரம் கேட்க மாட்டார்கள். அது பற்றி வாட்ஸ்அப்பில் அவர் ஏதாவது பேசி அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள்.

சரி, அந்தப் பத்திரத்துக்கு வருவோம். நிலத்தில் உள்ள பங்கை விடுவிக்கும் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். 20 ரூபாய்த் தாளில் போட்ட கையெழுத்தால் மட்டும் உங்கள் பங்கு போகாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உங்களை அழைத்துப் போனார்களா, அங்கே போட்டோ எடுத்து விரல் ரேகை வைத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் பாதி ஆபத்து நீங்கியது. அப்படியும் 1978 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் ஏதாவது பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்க, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் அவகாசம்.

மீதிப் பாதி ஆபத்து, அந்தத் தாள் மேலே காலியாக இருந்த மாதிரி ஞாபகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் இருக்கிறது. காலி இடத்தில் 'கூர்ச்சீட்டு' என்று தலைப்பிட்டு, 'பல வருடங்களுக்கு முன்பே வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டோம், என் பங்குக்கு ரொக்கம் பெற்றுக்கொண்டேன்' என்று நான்கு வரி எழுதினால் போதும். முன்பே முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காகக் குறித்து வைக்கும் தாளுக்குப் பதிவு கட்டாயமில்லை. இந்த ஓட்டையில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பொய் என்று கடைசியில் நிரூபித்துவிடலாம். ஆனால் நிரூபிக்கும் வேலை பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். கையெழுத்து உன்னுடையதா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், ஆமாம் என்றுதான் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அந்தத் தாள் எங்கேயும் வெளிவருவதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். இந்த வருடம், இந்த இடத்தில், கடனுக்கு என்று சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினீர்கள், அதைத் திருப்பித் தாருங்கள், எனக்கு எந்தப் பாகமும் பிரியவில்லை என்று. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தகராறு பெரிதாவதற்கு முன் போன நோட்டீஸுக்கும் பிறகு சொல்லும் கதைக்கும் நீதிமன்றத்தில் நிறைய வித்தியாசம் உண்டு.

நோட்டீஸ் போகிற அதே நாளில் நில எடுப்பு மாவட்ட வருவாய் அலுவலரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். இழப்பீடு இன்னும் பட்டுவாடா ஆகவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இந்த விஷயத்தில் உங்கள் அதிர்ஷ்டம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று தகராறு வந்தால் அந்த அலுவலர் தானே தீர்ப்புச் சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் பிரிவு 3எச்(4)-ன்படி சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்சேபணை இல்லையென்றால் பட்டாதாரர் கணக்கில் பணம் ஏறிவிடும். ஏறிய பிறகு நிலமும் இல்லை, பணமும் இல்லை. பெரியப்பா அதை மகள் பெயரில் வீடாக மாற்றிவிட்டால் கடன் வாங்கித் திருப்பித் தராதவரைத் துரத்துவது போல நீங்கள் அவரைத் துரத்த வேண்டும். மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம், விடுதலைப் பத்திரம். அதன் நகலை வாங்கிப் படியுங்கள். சாலைக்குப் போன 1 ஏக்கர் 20 சென்டுக்கு மட்டுமா, முழுச் சர்வே எண்ணுக்குமா? அநேகமாக முழு எண்ணும் இருக்கும். மீதி 2 ஏக்கர் நாலு வழிச் சாலையை ஒட்டிய நிலமாகப் போகிறது, தம்பி. இழப்பீட்டைவிட அதன் மதிப்பு பெரிது. சில வருடம் முன்பு என்னிடம் வந்த அண்ணனும் தங்கையும், உங்களைப் போலவே பெற்றோர் இல்லாதவர்கள், இழப்பீட்டுக்குத்தானே என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கச் சொத்து விவரத்தில் மொத்த நிலமும் இருந்தது. என்னிடம் வந்தபோது அந்த நிலத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது.

பெரியப்பாவைவிட எனக்குப் பயமாக இருப்பது இன்னொரு ஆள். உங்களுக்கு இப்படிப் பணம் வருகிறது என்று தெரிந்ததும் ஊரில் ஒருவர் வருவார். கேஸ் செலவு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடு, வருவதில் பாதி என்பார். அன்பாகப் பேசுவார், சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். சொந்தம் என்று ஒருவரும் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அந்த அன்பைத் தள்ளிவிடுவது கஷ்டம், எனக்குப் புரிகிறது. ஆனால் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால் பணம் வாங்கும் உரிமையும் அவர் கைக்குப் போகும். இல்லத்தில் வளர்ந்த ஒரு பையனுக்கு வந்த இழப்பீடு முழுவதும் பவர் ஏஜென்ட் கணக்கில் விழுந்து, அவனுக்குக் கடைசியில் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் மட்டும் மிஞ்சியதை நான் பார்த்தேன். யாருக்கும் பவர் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கு வக்காலத்து போதும். பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்பதாலேயே உங்கள் தங்கைக்கு அங்கே இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

எதிர்த் தரப்பு எடுக்கப்போகும் முதல் வாதம், இவன் யார் என்பதுதான். பெரியப்பா வாங்கிய வாரிசுச் சான்றிதழில் உங்கள் இருவர் பெயரும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு, அப்பா பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, 2007 விபத்தின் முதல் தகவல் அறிக்கை, இவற்றைத் தேடுங்கள். அந்த அறிக்கையைத் தேடும்போதே இன்னொன்றையும் விசாரியுங்கள். அப்பா, அம்மா சாவுக்கு விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்ததா? நடந்திருந்தால் உங்கள் இருவர் பங்கையும் மேஜராகும் வரை வங்கியில் வைப்புத் தொகையாகப் போடச் சொல்லியே தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கும். யாரும் கேட்காமல் கிடந்து ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருந்தாலும் வங்கி மூலம் திரும்பக் கேட்டு வாங்கலாம். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததால் சொல்கிறேன்.

இனி உங்களுக்குப் பிடிக்காத யோசனை. சமாதானமாகப் போங்கள். 3 லட்சத்துக்கு அல்ல. ஆட்சேபணை மனு பதிவான பிறகு பெரியப்பா மறுபடி வருவார், பழத்தட்டு இல்லாமல். உங்கள் இருவருக்கும் சேர்த்து 20 லட்சம் நியாயம். 17, 18-க்கு ஒத்துக்கொண்டால்கூட நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். நீதிமன்றத்துக்குப் போனால் பணம் அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் மேல்முறையீடு வரை போய் உங்கள் கைக்கு வரும்போது தங்கையின் குழந்தை பள்ளிப் படிப்பை முடித்திருக்கலாம். கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது வெற்றியாகாது. கொட்டகையில் படுத்ததற்கு அவரை நீதிமன்றப் படி ஏற்ற வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசைக்கு உங்கள் பத்து வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் சமாதானத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் பெரியப்பா வழியாக வரக்கூடாது, அலுவலரிடம் அத்தை உட்பட எல்லோரும் கூட்டாக எழுதிக் கொடுத்து அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாக ஏற வேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடியுங்கள், அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பிறகு இழப்பீடு போதாது என்று யாராவது முறையிட்டு, நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தொகையைக் கூட்டிக் கொடுத்தால் அதிலும் உங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் ஒன்று என்று ஒரு வரி இருக்க வேண்டும். பலர் இதை மறந்து கூடுதல் தொகை முழுவதையும் இழக்கிறார்கள். மீதி 2 ஏக்கரைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. அதற்குத் தனியாகப் பாகப்பிரிவினை.

இந்த வாரமே ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுத் தங்கையையும் அழைத்துக்கொண்டு விழுப்புரம் போங்கள். ஆட்சேபணை மனுவில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பெரியப்பா எந்தத் தாளை நீட்டினாலும், அது வெறும் ரசீதாக இருந்தாலும், பேனாவைத் தொடாதீர்கள்.