பிரசவ அறையை நினைத்தாலே நடுங்கும் தாய்க்கு

முதற்பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தியதற்காகத் தாதி உங்கள் தொடையில் அடித்தது உங்கள் குற்றமன்று. மீண்டும் கர்ப்பமாயிருக்கும் நீங்கள் ‘நான் பொறுமையில்லாதவள்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். பிரசவ வலியில் பெண் கத்துவது இயல்பு. அதற்காக அடிப்பதும் ஏசுவதும், வலி தெரியாமல் மரக்கச் செய்யும் விறைப்பு ஊசி வேலை செய்கிறதா என்று பாராமலே தையல் போடுவதும் எந்த மருத்துவ நூலிலும் சிகிச்சையாகச் சொல்லப்படவில்லை.

வீடு திரும்பும் நாளில் ‘கவனிப்புத் திருப்தியா’ என்று கேட்டவரிடம் ‘ஓம்’ என்றுவிட்டு, இப்போது குறை சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. கையில் பிள்ளை சுகமாக இருக்கும்போது, அதுவும் அதே விடுதியில் படுத்திருக்கும்போது, எந்தத் தாயும் ‘ஓம்’ என்றுதான் சொல்வாள். அது பிள்ளை பிழைத்ததற்கான நன்றியே அன்றி, உங்களை நடத்திய விதத்துக்கான நற்சான்று அன்று. கானா, கினியா, மியன்மார், நைஜீரியா ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2019 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் பிரசவத்தின்போது ஏச்சையோ அடியையோ பாகுபாட்டையோ சந்தித்திருந்தார்கள். ஏச்சும் அடியும் மிகுந்திருந்தது, பிள்ளை பிறப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்திலும் பிறந்த பின் கால் மணித்தியாலத்திலும். அதாவது, பெண்ணால் எதிர்த்து ஒரு சொல்லும் பேச முடியாத நேரத்தில்.

பிள்ளை வெளிவருவதற்காகப் பிறப்பு வாயிலில் வெட்டித் தைத்த தழும்பு அரிப்பதும் முடி கொட்டுவதும் கவலைக்குரியவை அல்ல. வளரும் பிள்ளையின் பாரத்தால் பழைய தையல் பிரியாது. முன்பு வெட்டினார்கள் என்பதற்காக இம்முறையும் வெட்ட வேண்டும் என்பதில்லை. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டின் வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை.

நான் கவலைப்படுவது, கடிதத்தின் முடிவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் விடயத்தைப் பற்றியே. டெட்டோல் மணம் பட்டாலே நெஞ்சு படபடக்கிறது, நித்திரையில் அந்தக் கட்டில் வருகிறது, ஆறாம் மாதமாகியும் இரண்டு கிளினிக்குகளுக்குப் போகவில்லை என்கிறீர்கள். இது கோழைத்தனமன்று, அதிர்ச்சிக்குப் பின் மனத்தில் தங்கிவிடும் நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் பயம் உங்களைக் கிளினிக்கிலிருந்து விலக்கிவைக்கும்போது அது உயிராபத்தாக மாறுகிறது, ஏனெனில் கர்ப்பகால உயர் குருதி அழுத்தம் பல வேளைகளில் எந்த வலியும் காட்டாமலே ஏறும். அழுத்தத்தை அளந்து சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும். ஆகவே இந்த வாரமே போங்கள்.

வீட்டிலேயே பிள்ளை பெறலாம் என்று காட்டும் காணொளிகளை இனிப் பார்க்காதீர்கள். பிள்ளை பிறந்தபின் குருதிப்பெருக்கு ஏற்பட்டால் தேவைப்படும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிடோசின் ஊசியும் இரத்தமும் அந்தக் காணொளி எடுத்தவரிடம் இருக்காது. வைத்தியரைக் கேளாமல் பார்மசியில் வாங்கிக் குடிக்கும் நித்திரைக் குளிசையும் ஆபத்தானது. அது பிள்ளையையும் சேரும். தினமும் குடித்து வந்திருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. குளிசை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று கிளினிக் வைத்தியரிடம் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மனநல வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பிரசவ அறைக்குள் அம்மாவோ அக்காவோ துணைக்கு வரலாமா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். பெண் துணையை அனுமதிக்கும் அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன, ஆனால் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். பிரசவத்தின்போது அடிக்கவோ ஏசவோ கூடாது, வெட்டுமுன் சொல்ல வேண்டும், விறைத்த பின்பே தையல் என்ற உங்கள் வேண்டுகோள்களைக் கிளினிக் பதிவேட்டில் குறித்துத் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். இதற்கிடையில் உயிர்வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 1926 என்ற இலங்கையின் மனநல உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள், கணவரையும் எழுப்பிச் சொல்லுங்கள்.